கரி கலந்த பிளாஸ்டிக் எப்போது கடத்தியாகிறது?

பாலிஎதிலீனுக்கும் செம்புக்கும் இடையே மின்கடத்துதிறனில் 20-க்கும் மேற்பட்ட பத்தடுக்குகள் (ஒவ்வொன்றும் பத்து மடங்கு) இடைவெளி இருக்கிறது. பொருள்களின் வேறு எந்தப் பண்பிலும் இவ்வளவு அகன்ற வீச்சைக் காண்பது அரிது. இந்த வீச்சின் நடுவே நாம் விரும்பும் ஓரிடத்தில் ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி? ரப்பர்த் தொழில் இதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது: கரியைக் கலந்தால் போதும். விடை எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் பலிக்கிறது, எவ்வளவு கரி தேவை, ஒரே கலவையிலிருந்து வார்த்த இரண்டு துண்டுகள் ஏன் ஒரே அளவில் கடத்துவதில்லை என்ற துணைக்கேள்விகள் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

இந்த நீண்ட விவாதத்தில் கேள்வியே இடம் மாறிவந்திருக்கிறது. எவ்வளவு கரி என்று தொடங்கியவர்கள், கரித்துகள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு, உருகிய பிளாஸ்டிக்குள் அந்தச் சந்திப்புகள் எப்படி உருவாகின்றன, எப்படிக் கலைகின்றன என்று கேட்டார்கள். ஆய்விதழ்களில் வெற்றியின் அளவுகோல் மட்டும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கிறது: யார் மிகக் குறைந்த கரியில் கடத்த வைத்தார்கள் என்பது. அந்த அளவுகோலை ஐயத்தோடு பார்க்கக் காரணங்கள் இருக்கின்றன.

எவ்வளவு கடத்தினால் போதும்?

முதலில் தேவையைப் பார்க்க வேண்டும். ‘கடத்தும் பிளாஸ்டிக்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு தேவைகள் கலந்துகிடக்கின்றன.

மின்னணுச் சில்லுகளை எடுத்துச்செல்லும் தட்டுக்கும் பைக்கும் வேண்டியது, நிலைமின்னேற்றம் தேங்காமல் மெதுவாக வடிந்துபோவது மட்டுமே. பன்னாட்டுத் தரநிலைகள் 10⁴ ஓமுக்குக் கீழே உள்ளவற்றைக் கடத்திகள் என்றும், அங்கிருந்து 10¹¹ ஓம் வரை உள்ளவற்றை மின்னேற்றத்தை வடியவிடும் பொருள்கள் என்றும் பிரிக்கின்றன. நிலத்தடிச் சுரங்கங்களில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு 3 × 10⁸ ஓம் என்ற உச்சவரம்பு உண்டு. ஒரு பொறி மீத்தேனைப் பற்றவைத்துவிடக் கூடாது என்பதே அங்கு கவலை. உயரழுத்த மின்கேபிளில் செம்புக்கும் காப்புறைக்கும் நடுவே ஒரு மெல்லிய கரிய பிளாஸ்டிக் அடுக்கு உண்டு. கம்பியின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்களில் மின்புலம் குவிந்து காப்புறையைத் துளைக்காமல் சமன்செய்வது அதன் வேலை. அதற்கு அனுமதிக்கப்படும் மின்தடைத்திறன் 1000 ஓம்-மீட்டர் வரை. உலோகத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய காப்பி என்றே சொல்லலாம். மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் பெட்டிகளுக்குச் சென்டிமீட்டருக்கு 1 சீமன்ஸ் என்ற அளவை ஒட்டித் தேவை தொடங்குகிறது. எரிபொருள் மின்கலத்தின் இருமுனைத் தகடுகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு 100 சீமன்ஸ். செம்பு 6 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

சந்தையில் விற்கும் கடத்தும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்குக்கு உலோகத்தை எட்டும் அவசியமே இல்லை என்பது இந்தப் பட்டியலிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது: தொழிலில் மிகக் கடினமான இலக்கு உச்சியில் இல்லை, நடுவில் இருக்கிறது. 10⁶ முதல் 10⁹ ஓம் வரையிலான இடைப்பகுதியில் ஒரு கரிக்கலவையை நிலையாக நிறுத்துவது, அதை நன்றாகக் கடத்த வைப்பதைவிடச் சிரமமானது. ஏன் அப்படி என்பதில்தான் இந்தத் துறையின் இயற்பியல் தொடங்குகிறது.

கார்பன் பிளாக்: முதல் விடை

எண்ணெயை அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் நுண்கரிதான் கார்பன் பிளாக். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி உட்பட உலகெங்கும் தயாராகும் இதில் மிகப் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. அங்கே அதன் வேலை ரப்பரை உறுதியாக்குவது. கடத்துதிறன் கூடவே வந்த வரவு. ஈதரும் சைக்ளோபுரோபேனும் மயக்கமருந்தாக இருந்த காலத்தில், அறுவை அரங்கில் ஒரு சிறு பொறியும் வெடிப்பில் முடியலாம் என்பதால், குழாய்களையும் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் கரி மிகுந்த ரப்பரில் செய்தார்கள்.

இந்தக் கூடுதல் வரவின் அருமை, அது போன பிறகே பலருக்குத் தெரிந்தது. 1990-களில் எரிபொருள் சிக்கனத்துக்காக டயரின் தரைபடும் பகுதியில் கரிக்குப் பதில் சிலிக்கா வந்தது. வண்டியில் சேரும் மின்னேற்றம் தரைக்கு இறங்கும் வழி அடைபட்டது. தயாரிப்பாளர்கள் சிலிக்கா ரப்பருக்குள் மேலிருந்து கீழாகக் கரி ரப்பரால் ஒரு மெல்லிய கோட்டை ஓடவிட்டு அதைச் சரிசெய்தார்கள்.

எல்லாக் கரியும் ஒன்றல்ல. சில பத்து நானோமீட்டர் விட்டமுள்ள முதல்நிலைத் துகள்கள் உலையிலேயே ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிளைத்த திரள்களாகின்றன. இந்தத் திரள்களைச் சாதாரணக் கலவை இயந்திரத்தால் உடைப்பது கடினம். திரள் எவ்வளவு கிளைத்திருக்கிறது என்பதைத் தொழிலில் ‘ஸ்ட்ரக்சர்’ என்கிறார்கள். அது எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று பார்த்து அளக்கிறார்கள். கிளை மிகுந்த கரி குறைந்த அளவிலேயே கடத்தும். கெட்ஜென்பிளாக் போன்ற உள்ளீடற்ற ஓடுகளாலான வகைகளில் ஒரு கிராமுக்கு 800 முதல் 1,300 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு உண்டு. சாதாரண வகையில் 10 முதல் 20 விழுக்காடு தேவைப்படும் இடத்தில் இவை சில விழுக்காட்டிலேயே வேலையை முடித்துவிடும்.

குறைகளும் வெளிப்படையானவை. கரி கூடக்கூட உருகிய நிலையில் பாகுத்தன்மை ஏறி, அச்சின் மெல்லிய மூலைகளுக்குப் பிளாஸ்டிக் போய்ச்சேராது. வார்த்த பொருள் நொறுங்கும் தன்மை பெறும். உராயும்போது கரி உதிரும். தூசி ஆகாத சில்லு ஆலைகளில் இது பெரிய தலைவலி. நிறம் ஒன்றே ஒன்றுதான். மேற்சொன்ன இருமுனைத் தகடுகளுக்காகக் கிராஃபைட்டை 70, 80 விழுக்காடு வரை ஏற்றுகிறார்கள். அந்த நிலையில் அதைப் ‘பிளாஸ்டிக்’ என்று அழைப்பது ஏறக்குறைய மரியாதைக்காகத்தான்.

வாசல் அளவும் பெர்கொலேஷன் கோட்பாடும்

கரியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் எதுவும் நடப்பதில்லை. பிறகு ஓரிரு விழுக்காட்டுக்குள் கடத்துதிறன் பல பத்தடுக்குகள் தாவுகிறது. பிறகு மறுபடி சமதளம். நடுவிலுள்ள செங்குத்தான ஏற்றம்தான் மேலே சொன்ன இடைப்பகுதிச் சிரமத்துக்குக் காரணம்: கலவையில் அரை விழுக்காடு முன்பின்னானால் மின்தடை ஆயிரம் மடங்கு மாறலாம்.

இந்தத் தாவலுக்கு முதல் தெளிவான விளக்கம் தந்தது பெர்கொலேஷன் கோட்பாடு. அதன் பிறப்பிலும் கரி இருக்கிறது. பிரிட்டிஷ் நிலக்கரி ஆய்வு அமைப்பில் பணியாற்றிய சைமன் பிராட்பென்ட், சுரங்கத் தொழிலாளரின் முகமூடி வடிகட்டியிலுள்ள கரித்துண்டின் நுண்துளைகளுக்குள் வாயு எப்போது ஊடுருவும், எப்போது வாயிலிலேயே நின்றுவிடும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஜான் ஹாமர்ஸ்லியுடன் சேர்ந்து 1957-இல் அவர் அதைக் கணிதமாக்கினார். பாலிமர் வேதியியலில் பால் ஃபுளோரி 1940-களின் தொடக்கத்திலேயே கூழ் உறைவதை விளக்க ஏறத்தாழ இதே கணக்கைப் போட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஒன்றையொன்று கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

கோட்பாட்டின் சாரம் இது. துகள்களைத் தற்போக்காக இறைத்தால், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அவை தனித்தனித் தீவுகள். அந்த வாசல் அளவைத் தாண்டியதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடரும் ஒரே வலை திடீரெனப் பிறக்கிறது. முப்பரிமாணத்தில் கோளத் துகள்களுக்கு இந்த அளவு கொள்ளளவில் சுமார் 16 விழுக்காடு என்று ஷெரும் ஸாலனும் 1970-இல் காட்டினார்கள். வாசலுக்கு மேலே கடத்துதிறன் ஒரு அடுக்குவிதிப்படி ஏறும் என்றும், அந்த அடுக்கெண் பொருள் எதுவாயினும் 2-ஐ ஒட்டி இருக்கும் என்றும் கோட்பாடு முன்னறிவித்தது. 1984-இல் ஐசக் பால்பெர்க்கும் உடனாய்வாளர்களும் குச்சி வடிவத் துகள்களுக்கு இதை விரித்தார்கள்: குச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு குறையும் வாசல். முறத்தில் கொட்டிய மிளகைவிட அதே எடை ஈர்க்குச்சிகள் ஒன்றையொன்று எளிதில் தொட்டுக்கொள்வதைப் போல. பின்னால் கார்பன் இழையும் நானோகுழாயும் இவ்வளவு வரவேற்புப் பெற்றதற்கு இந்த முடிவு முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கின் அழகே அதன் பலவீனமும் ஆனது. ஆய்வகங்களில் அளந்த வாசல் அளவுகள் 16 விழுக்காட்டைச் சுற்றி நிற்கவில்லை. பத்தில் ஒரு பங்குக்கும், நூறில் ஒரு பங்குக்கும் கீழே போயின. அடுக்கெண் 2-இல் நிற்காமல் 3, 4 என்றும் சில கார்பன் பிளாக் கலவைகளில் அதற்கு மேலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கரியை ஒரே அளவில் வெவ்வேறு பிளாஸ்டிக்கில் கலந்தபோது வாசல் மாறியது. வடிவத்தை மட்டும் பார்க்கும் கணக்கு இதை எதிர்பார்க்கவில்லை.

தொடாமலே பாய்வது

ஒரு மாற்றுப் பார்வை, துகள்கள் தொட வேண்டியதே இல்லை என்றது. கார்பன் துகள்களுக்கு நடுவே எப்போதும் ஒரு மெல்லிய பாலிமர்ப் படலம் இருக்கிறது. எலெக்ட்ரான் அதைக் குவாண்டம் ஊடுருவலால் கடக்கிறது. பிங் ஷெங்கும் சகாக்களும் 1978-இல் கார்பன் கலந்த பிவிசியை மிகக் குறைந்த வெப்பநிலை வரை அளந்து, வெப்ப அசைவால் அந்த இடைவெளியின் குறுக்கே மின்னழுத்தம் ஏறி இறங்குவது ஊடுருவலுக்கு உதவுகிறது என்ற விளக்கத்தைத் தந்தார்கள். வெப்பநிலையைப் பொறுத்து கடத்துதிறன் மாறும் விதத்தை இது பெரும்பாலும் நன்றாகவே விளக்குகிறது.

ஆனால் இது ஒரு முடிச்சையும் போட்டது. ஊடுருவல் தூரத்தோடு சீராகத் தேய்ந்துபோகும் ஒன்று. ‘தொட்டது’, ‘தொடாதது’ என்ற கூர்மையான பிரிவு அதில் இல்லை. அப்படியானால் எல்லாத் துகள்களும் எல்லாத் துகள்களோடும் ஏதோவொரு அளவில் இணைந்தே இருக்கின்றன. பிறகு வாசல் எங்கிருந்து வந்தது? துகள்களின் முதல் அண்டை வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே ஊடுருவல் வாய்ப்பு வெகுவாகக் குறைவதால் நடைமுறையில் ஒரு பிரிவு உருவாகிறது என்பது பால்பெர்க் தந்த விடை. 2-ஐ மீறும் அடுக்கெண்களுக்கும் இடைவெளித் தூரங்கள் சீராக இல்லாததையே அவர் காரணமாகக் காட்டினார். 2010-இல் அம்ப்ரொசெட்டி, கிரிமால்டி, பால்பெர்க் முதலியோர் இன்னும் தைரியமாகப் போனார்கள். நானோ அளவுத் துகள்களில் உண்மையான வாசல் என்று ஒன்று இல்லாமலும் போகலாம். வலையின் கடத்துதிறன் பிளாஸ்டிக்கின் சொந்தக் கடத்துதிறனுக்குக் கீழே மறையும் இடத்தைத்தான் நாம் வாசல் என்று படிக்கிறோம் என்பது அவர்கள் கருத்து. இதை எல்லாக் கலவைகளுக்கும் பொதுவாக்க முடியுமா என்பதில் கருத்தொற்றுமை இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் வாசல் அளவை ஒரு பொருளின் நிலையான அடையாள எண்ணைப் போல நடத்தும் பழக்கத்துக்கு இது கடுமையான எச்சரிக்கை.

ஊடுருவல் பார்வை வேறொன்றையும் விளக்குகிறது: மேல்வரம்பை. ஒரு தனி நானோகுழாய் உலோகத்துக்கு அருகில் கடத்தலாம். அதைக் கலந்த பிளாஸ்டிக் அதன் கிட்டேகூட வருவதில்லை. நிரப்பியாகக் கலந்த கரியின் உள்ளே தடை மிகக் குறைவு. சந்திப்புகளில்தான் முழுத் தடையும் தேங்குகிறது. இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒட்டிக்கிடக்கும் ஒன்றிரண்டு நானோமீட்டர்ப் பாலிமர்தான் மொத்தப் பொருளின் தகுதியை முடிவு செய்கிறது.

இதே சந்திப்புகளைப் பலவீனமாகப் பார்க்காமல் பயன்பாடாக மாற்றிய ஒரு கிளைக்கதை உண்டு. கார்பன் பிளாக் கலந்த பாலிஎதிலீனைச் சூடேற்றினால், படிகப் பகுதிகள் உருகி விரியும்போது கரித்துகள்கள் விலகி, மின்தடை பல பத்தடுக்குகள் ஏறிவிடும். 1940-களிலேயே கவனிக்கப்பட்ட இந்த விளைவிலிருந்து, கதிர்வீச்சால் பாலிமரைக் குறுக்கிணைக்கும் தொழில்நுட்பம் கைவசம் இருந்த ரேகெம் நிறுவனம், தானே மட்டுப்படும் சூடேற்றுக் கேபிளையும், மின்னோட்டம் மீறினால் தடுத்துப் பிறகு தானே மீளும் உருகியையும் உருவாக்கியது. குறுக்கிணைப்பு இல்லாவிட்டால், பாலிமர் முழுதாக உருகியபின் கரி மறுபடி கூடி, தடை திரும்ப விழுந்துவிடும். பாதுகாப்புக் கருவியில் அது ஆபத்து. உருகிய பிளாஸ்டிக்குள் கரி சும்மா இருப்பதில்லை என்பதை அன்றே இது காட்டியிருந்தது.

கலவையின் வரலாறு

வாசல் ஏன் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் மாறுகிறது என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர்கள் ஜப்பானில் மியாசகா, சுமிதா முதலியோர். 1982-இல் அவர்கள் முன்வைத்த கருத்தின்படி, கரிக்கும் பாலிமருக்கும் இடைப்பட்ட பரப்பு ஆற்றலே தீர்மானிக்கிறது. பாலிமர் கரியை எவ்வளவு நன்றாக நனைக்கிறதோ, அவ்வளவு கரி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்; வாசல் உயரும். நனைக்காத பாலிமரில் கரி தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும், வாசல் தாழும். நன்றாகக் கலைந்து பரவிய கரியே நல்லது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருந்திருக்காது. உறுதிக்கு நல்ல பரவல் வேண்டும். கடத்தலுக்கு ஓரளவு கூடிநிற்றல் வேண்டும். இந்த முரண் இன்றும் தீரவில்லை. ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் வெஸ்லிங் இன்னும் ஒரு படி மேலே போய், தற்போக்கான இறைப்பு என்ற பெர்கொலேஷன் அடிப்படையையே மறுத்தார். பரவிய நிலையிலிருந்து இழைகளாகக் கூடும் நிலைக்கு ஒரு கட்ட மாற்றம் நடக்கிறது என்பது அவர் வாதம். அவருடைய கோட்பாட்டு விரிவைப் பலர் ஏற்கவில்லை. அவர் சுட்டிய நிகழ்வை மட்டும் யாரும் மறுக்க முடியவில்லை.

1990-களில் ஹாம்பர்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எபாக்ஸியில் கார்பன் பிளாக்கை முதலில் முழுதாகப் பிரித்துவிட்டு, பிறகு அதை வேண்டுமென்றே கூடச் செய்தபோது, வாசல் ஒரு விழுக்காட்டுக்கும் வெகு கீழே இறங்கியது. நீளமான குச்சி எதுவும் இல்லாமல், உருண்டைத் துகள்களின் திரள்களை மட்டும் கொண்டே! குச்சியின் நீளம் மட்டுமே வாசலைத் தாழ்த்தும் என்ற நம்பிக்கைக்கு இது நேரடி மறுப்பு.

பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் இருந்து வரும்போதே மின்தடையை அளந்த அலிக், பெச்கே ஆகியோரின் ஆய்வுகள் 2000-களின் பிற்பாதியில் படத்தை முழுமையாக்கின. வெட்டுவிசை வலையைக் குலைக்கிறது. விசை நின்றதும், உருகிய நிலையில் சில நிமிடங்களிலேயே வலை மறுபடி கட்டிக்கொள்கிறது. ஆகவே மோல்டிங்கில் பீய்ச்சும் வேகம், அச்சின் வெப்பம், குளிரவிடும் நேரம் எல்லாம் கடைசி எண்ணில் பதிகின்றன. வேகமாகக் குளிர்ந்த மேற்புறத்தில் நிரப்பி ஓட்டத்தின் திசையில் படிந்து தடை மிகலாம், உட்புறத்தில் குறையலாம். பொருளை மறுபடி சூடேற்றிச் சிறிது நேரம் வைத்தால் கடத்துதிறன் கூடுவதும் உண்டு. தரவுத்தாளில் அச்சாகும் ஒற்றை எண், அந்த மாதிரித் துண்டை வார்த்த விதத்தையும் சேர்த்தே சொல்கிறது என்பதைத் தொழில் அறிந்தே வைத்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள்தான் பல சமயம் மறந்துவிடுகின்றன.

நானோகுழாயும் கிராஃபீனும்

1991-இல் சுமியோ இஜிமாவின் கட்டுரைக்குப் பிறகு நானோகுழாய் உலகப்புகழ் பெற்றது. உள்ளீடற்ற கார்பன் இழைகளை 1952-இலேயே சோவியத் ஆய்வாளர்களும், 1976-இல் ஓபர்லின், எண்டோ, கொயாமா ஆகியோரும் படம்பிடித்திருந்தார்கள். தொழிலும் இஜிமாவை முந்திக்கொண்டது: அமெரிக்காவின் ஹைப்பீரியன் நிறுவனம் 1987-இலேயே காப்புரிமை பெற்றிருந்தது. காரில் பெட்ரோல் ஓடும் நைலான் குழாயில் நிலைமின்னேற்றம் சேராமலிருக்கச் சில விழுக்காடு கலப்பது அவற்றின் முதல் பெரிய பயன்களில் ஒன்று. கார்பன் பிளாக்கை அதே வேலைக்குப் போட்டால் நைலானின் வளையும் தன்மை கெட்டுவிடும் என்பதே காரணம். நானோ பற்றிய பேரெதிர்பார்ப்புகளோடு ஒப்பிட்டால் இது அடக்கமான பயன். ஆனால் உண்மையாகவே நிலைத்த பயன்.

பாலிமரில் நானோகுழாயைப் பொதித்த முதல் கட்டுரைகளுள் ஒன்று, கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயனும் சகாக்களும் 1994-இல் வெளியிட்டது. பிறகு வாசல் எண்ணுக்கான பந்தயம் தொடங்கியது. 2003-இல் சான்ட்லர் குழுவினர் எபாக்ஸியில் எடையளவில் 0.0025 விழுக்காட்டை அறிவித்தார்கள். 2006-இல் ஸ்டான்கோவிச் முதலியோர் பாலிஸ்டைரீனில் கிராஃபீன் தாள்களைக் கொண்டு கொள்ளளவில் 0.1 விழுக்காட்டை எட்டினார்கள்.

இந்த எண்களை எப்படி வாசிப்பது? பௌஹோஃபரும் கோவாக்ஸும் 2009-இல் அதுவரை வெளிவந்த நானோகுழாய் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு சிந்திக்கத் தக்கது. வாசலையும் உச்சக் கடத்துதிறனையும் குழாயின் வகையோ நீளமோ தீர்மானித்ததைவிட, எந்தப் பாலிமர், எப்படிக் கலந்தார்கள் என்பவையே அதிகம் தீர்மானித்திருந்தன. மிகத் தாழ்ந்த வாசல்கள் பெரும்பாலும் எபாக்ஸி போன்ற நீர்மங்களில் குழாய்கள் நகர்ந்து கூட நேரம் கிடைத்தபோது வந்தவை. தற்போக்கான இறைப்பின் விளைவுகள் அல்ல. மிகத் தாழ்ந்த வாசலில் கிடைக்கும் கடத்துதிறனும் பெரும்பாலும் மிகக் குறைவே. கிராஃபீனுக்குத் தனிச் சிக்கல் ஒன்று கூடுதலாக உண்டு: கிராஃபீன் ஆக்சைடிலிருந்து தொடங்கினால் ஆக்சிஜனை நீக்கிக் கடத்துதிறனை மீட்க வேண்டும், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறுபடி கிராஃபைட்டாகிவிடாமலும் காக்க வேண்டும். சந்தையில் ‘கிராஃபீன்’ என்று விற்பதில் பல, பல அடுக்குக் கிராஃபைட் துணுக்குகள்தான்.

பாதுகாப்பு பற்றிய விவாதமும் இங்கே வேறுவகை. 2008-இல் வெளியான ஒரு எலி ஆய்வு, நீண்ட விறைப்பான நானோகுழாய்கள் கல்நாரைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதைக் காட்டியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு குறிப்பிட்ட பலசுவர்க் குழாய் வகையை மட்டும் ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடியது’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கார்பன் பிளாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்த வகைப்பாடு சான்றின் வலிமையைச் சொல்வது, ஆபத்தின் அளவைச் சொல்வதன்று. பிளாஸ்டிக்குள் பொதிந்துவிட்ட குழாயைவிட, தூளாகக் கையாளும் கட்டமும் பொருள் தேய்ந்தோ அறுபட்டோ போகும் கட்டமுமே கவனத்துக்குரியவை.

தானே கடத்தும் பாலிமர்

கரியே வேண்டாம், பாலிமரையே கடத்த வைப்போம் என்பது முற்றிலும் வேறான விடை. 1862-இல் லண்டனில் ஹென்றி லெதபி அனிலினை மின்னாற்பகுத்து ஒரு நீலக்கருமைப் படிவு பெற்றார். 1963-இல் ஆஸ்திரேலியாவில் போல்ட்டோ, மக்நீல், வைஸ் ஆகியோர் அயோடின் சேர்ந்த பாலிபிர்ரோல் கடத்துவதைப் பதிவு செய்தார்கள்; அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1977-இல் ஷிரகாவா, மக்டையர்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடினை ஏற்றிக் கடத்துதிறனைக் கோடி மடங்கு உயர்த்தினார்கள். அந்தப் படலமே, ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்ட ஒரு பிழையிலிருந்து வந்தது. 2000-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. 1987-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் நார்மன் அதைச் சென்டிமீட்டருக்கு 10⁵ சீமன்ஸுக்கு மேல் கொண்டுபோனார்.

எண்ணைப் பார்த்தால் பந்தயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாலிஅசிட்டிலீன் காற்றில் கெட்டுப்போகிறது, உருகுவதில்லை, கரைவதில்லை. கடத்துதிறனைத் தரும் இணைபிணைப்புகளே சங்கிலியை விறைப்பாக்கிப் பதப்படுத்த முடியாததாக்குகின்றன. பாலிஅனிலின் காற்றில் நிலைக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஹீகர் குழுவினர் பெரிய கரிம அமிலங்களைச் சேர்த்து அதைக் கரைய வைத்தார்கள். வெஸ்லிங் அதை நுண்துகளாக மற்றப் பிளாஸ்டிக்குகளில் பரப்பினார். இங்கே கதை ஒரு சுற்றுச் சுற்றுகிறது: கடத்தும் பாலிமரும் கடைசியில் ஒரு நிரப்பியாகவே பயன்பட்டது, கரிக்கு இருந்த வாசல், கூடல், கலவை வரலாறு எல்லாம் அதற்கும் வந்தன. கூடவே, காரத்தன்மையில் கடத்துதிறனை இழப்பது, பொறியியல் பிளாஸ்டிக்குகள் உருகும் வெப்பத்தில் சிதைவது என்ற இரண்டு சொந்தக் குறைகளும்.

நிலைத்த வெற்றி பெடாட் என்ற கடத்தும் பாலிமருக்குக் கிடைத்தது. 1980-களின் இறுதியில் பேயர் நிறுவனத்தில் உருவான இது, பாலிஸ்டைரீன் சல்ஃபோனிக் அமிலத்துடன் சேர்ந்து நீரில் பரவும். அக்ஃபாவின் புகைப்படச் சுருள்களில் நிலைமின்னேற்றத்தைத் தடுக்கும் பூச்சாகத்தான் அது முதலில் பெருமளவில் பயன்பட்டது. மெல்லிய பூச்சில் ஏறத்தாழ நிறமற்றுத் தெரியும் என்பது கரியால் ஒருபோதும் தர முடியாத ஒன்று.

இன்னொரு பாலிமர் நிரப்பி பற்றி ஆய்விதழ்கள் குறைவாகவே பேசுகின்றன: பாலிஈதர் துண்டுகள் கொண்ட தொகுதிப் பாலிமர்கள். இவை 10, 20 விழுக்காட்டில் மற்றொரு பிளாஸ்டிக்குள் தொடர்வலையாகப் படிந்து, அயனிகளின் வழியே மின்னேற்றத்தை வடியவிடுகின்றன. எலெக்ட்ரான் கடத்தல் இல்லாததால் கடத்துதிறன் பெரிதாக உயராது; ஆனால் கரியால் நிலையாக நிற்க முடியாத அந்த நடுப்பகுதியில் இவை அமைதியாக நிற்கின்றன. எந்த நிறமும் கொடுக்கலாம். காற்றின் ஈரப்பதம் குறைந்தால் திறன் குறைவது இவற்றின் குறை. கௌரவம் குறைந்த இந்த விடைதான் பல பயன்பாடுகளுக்குச் சரியான விடை என்று தோன்றுகிறது.

இரண்டு பிளாஸ்டிக்குகளின் எல்லையில்

கரியைக் குறைக்கும் மிக நுட்பமான வழி, அது எங்கே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. ஒன்றோடொன்று சேராத இரண்டு பிளாஸ்டிக்குகளைக் கலந்தால், குறிப்பிட்ட விகிதங்களில் இரண்டும் பின்னிய தொடர்ச்சியான வலைகளாகும். கரி அவற்றில் ஒன்றை மட்டும் விரும்பினால், பாதி இடத்திலேயே அடைபட்டு வாசலைச் சீக்கிரம் எட்டும். சுமிதா 1991-இல் இதை இரட்டைப் பெர்கொலேஷன் என்று விளக்கினார். 1994-இல் பெல்ஜியத்தின் குபெல்ஸும் சகாக்களும் பாலிஎதிலீன்–பாலிஸ்டைரீன் கலவையில் கரியை இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைப்பரப்பிலேயே நிறுத்தி, அரை விழுக்காட்டுக்கும் குறைவான சாதாரணக் கார்பன் பிளாக்கில் கடத்தலைக் காட்டினார்கள். நானோகுழாய்க்கான பந்தயம் சூடுபிடிக்கும் முன்பே மலிவான கரி அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. சிக்கல் என்னவென்றால், அந்த எல்லைப்பரப்பு சமநிலை அல்ல. எக்ஸ்ட்ரூடரில் சிறிது கூடுதல் நேரம் நின்றாலும் கரி தான் விரும்பும் பக்கத்துக்குப் போய்விடலாம், பின்னிய வலையும் சொட்டுகளாக உடையலாம். ஆய்வகத்தில் அரைமணி நேரத்தில் செய்ததை டன் கணக்கில் ஒரே மாதிரி செய்வது வேறு கலை.

இன்னும் தீராதவை

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன என்று சொல்லலாம். அவற்றின் எடை சமமல்ல.

அடிப்படை இயற்பியலில், வாசல் என்பது உண்மையான ஒரு மாற்றமா, அளவீட்டின் எல்லையா என்ற விவாதம் தொடர்கிறது. கோட்பாட்டாளருக்கு இது முக்கியம். தொழிலுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

உச்சவரம்பைப் பொறுத்தவரை, பாலிமரில் கலந்த நிரப்பியால் மட்டும் உலோகத்தை நெருங்க முடியும் என்பதற்கு இதுவரை சான்று பலவீனமே. கார்பன் இழையாலேயே கட்டிய போயிங் 787-இன் உடலில்கூட மின்னல் பாதுகாப்புக்கு உலோக வலையைப் பதிக்கிறார்கள். சந்திப்புகளின் தடையைக் குறைக்க, குழாய்களை வேதியியலாகப் பிணைப்பது, உலோகத்துகள்களை இடையில் வைப்பது, இரண்டு வகைக் கார்பனைச் சேர்த்துக் கலப்பது என்ற வழிகள் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிளாஸ்டிக்கில் பலன் தந்திருக்கிறது. பொதுவிதி என்று சொல்லும் அளவுக்கு எதுவும் வளரவில்லை.

எடை மிகுந்தது மூன்றாவது. பாலிமர், நிரப்பி, கலவை வேகம், வெப்பநிலை, குளிரும் விதம் இவற்றைத் தந்தால் வார்த்த பொருளின் ஒவ்வொரு புள்ளியிலும் மின்தடை என்ன என்று முன்கூட்டியே சொல்லும் மாதிரி இன்னும் கைக்கு வரவில்லை. வலை குலைவதையும் மீள்வதையும் விவரிக்கும் சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றின் மாறிலிகளை ஒவ்வொரு கலவைக்கும் சோதித்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மறுசுழற்சி இதே கேள்வியை வேறு வடிவில் எழுப்புகிறது. இரண்டாம் முறை எக்ஸ்ட்ரூடரில் போன கரிக்கலவை அதே அளவு கடத்துமா, இழை உடைந்து குறையுமா, கூடல் மாறி உயருமா என்பதற்கு நிரப்பிக்கு நிரப்பி விடை மாறுகிறது. மிகத் தாழ்ந்த வாசலை அறிவிக்கும் கட்டுரைகள், அதே பொருளை ஐந்து முறை வார்த்துக் கிடைத்த எண்களின் சிதறலையும் கூடவே அச்சிட்டால், இந்த மூன்றாவது கேள்விக்கான தரவு ஓரளவாவது சேரத் தொடங்கும்.